வண்டிக்குக் கட்டிய வள்ளம்

மகனே,

இந்தச் சொல்லை உன் முகத்துக்கு நேரே நான் இதுவரை சொன்னதில்லை. நீ என்னைவிட ஐந்து வயது மூத்தவன். உன் அப்பா எனக்குத் தாலி கட்டிய அன்று நீ பந்தலின் ஓரத்தில் சினேகிதர்களோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தாய். நீ எதிரே வந்தால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சோறு வேண்டுமா என்று கேட்பதைக்கூடச் சுவரைப் பார்த்துத்தான் கேட்பேன், அதிலும் 'நீங்க' என்றுதான் வரும். காகிதத்தில் அந்த நடுக்கம் இல்லை. முறைப்படி நான் உனக்குத் தாய். தாய்க்கு உரிய 'நீ'யை இன்றைக்கு எடுத்துக்கொள்கிறேன். வருகிற வாரம் உனக்குக் கல்யாணம். கல்யாணத்துக்கு முன்னால் தாய் மகனைக் கூப்பிட்டு நாலு வார்த்தை சொல்வது வழக்கம். பெற்றவள் இருந்திருந்தால் தலையைத் தடவிக்கொண்டே சொல்லியிருப்பாள். எனக்கு அந்த உரிமை இல்லை, உண்மையைச் சொன்னால் அந்தப் பிரியமும் இல்லை. இருப்பதைச் சொல்கிறேன். உன் மோட்டார் சைக்கிளைப் பார்த்தால் எனக்கு இளப்பமாக இருக்கிறது. அதன்மேல் ஏறி உட்கார்ந்து நெஞ்சை நிமிர்த்தும் உன்னைப் பார்த்தால் அதைவிட இளப்பமாக இருக்கிறது.

தாலி கட்டிய கையோடு பகவதியை அந்த வண்டியின் பக்கத்துப் பெட்டியில் உட்காரவைத்து, அவள் ஊரான கருங்கல்லில் இருந்து நம் வீடு வரைக்கும் அழைத்து வரப்போவதாகத் தக்கலைச் சந்தி முழுக்கச் சொல்லித் திரிகிறாய். அவளுக்கு என் வயதுதான். அவள் அதில் ஏறக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். வேறு காரணம் இல்லை. கடிதத்தை ஒட்டவும் இல்லை. வண்டியின் சீட்டின்மேல் வைத்து, பறக்காமலிருக்க ஒரு கல்லையும் ஏற்றிவிட்டுப் போகிறேன். அங்கே வந்து நின்று அதைத் தடவிப் பார்க்கிற உன் சினேகிதர்கள் முதலில் எடுத்தால் அவர்களே சத்தமாகப் படிக்கட்டும். உன் அப்பா படித்தாலும் நல்லது.

அந்த வண்டி உன் கைக்கு வருமுன் எப்படி இருந்தது என்பது உனக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை. உலகச் சண்டை முடிந்ததும் பட்டாளத்துச் சாமான்களைக் கழித்து விற்றபோது உன் அப்பா வாங்கிய வண்டி அது. பாசி பிடித்த குளம் மாதிரி ஒரு பச்சை நிறம். பின்னால் அகலமான இரும்புக் கேரியர், இரண்டு பக்கமும் கித்தான் பை. அந்தப் பைகளில் விதைநெல் போயிருக்கிறது, புண்ணாக்கு போயிருக்கிறது, ஒருமுறை காலொடிந்த ஆட்டுக்குட்டியும் தலையை வெளியே நீட்டிக்கொண்டு போயிருக்கிறது. நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் உன் அப்பா என்னைப் பின்னால் உட்காரவைத்து வயல் காட்டக் கூட்டிப்போனார். வழியில் ஒரு கன்றுக்குட்டி குறுக்கே வந்து நின்றது. அவர் பேசிக்கொண்டே காலை அழுத்தினார். வண்டி நின்றது. கன்று டயரை முகர்ந்து பார்த்துவிட்டு அதன் பாட்டுக்குப் போனது. அவரும் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார். அதில் சொல்வதற்கு ஒன்றுமே இல்லை என்று நீ நினைப்பாய். ஒன்றும் ஆகாமல் இருந்ததுதான் அந்த வண்டியின் பெருமை.

உனக்கோ அது அவமானமாக இருந்தது. நாகர்கோவிலில் படித்துவிட்டு வந்தவன் நீ. "எருமைக்கு ரெண்டு சக்கரம் வச்சது மாதிரி இருக்கு" என்று நீ சொன்னது அடுக்களை வரைக்கும் கேட்டது. அப்பாவுக்கு முழங்கால் மடங்காமல் போய், வண்டியை உதைத்துக் கிளப்ப முடியாமல் ஆனபோது, சாவியைப் பூஜையறையில் வைத்து எடுத்து உன் கையில் கொடுத்தார். "ஒனக்க கல்யாணத்துக்கு நான் தாறது இதுதான். பாத்து வச்சுக்க மக்கா" என்றார். நீ சாவியை வாங்கிய கையோடு கேட்டது, "பெயிண்டு மாத்தலாம்லா?" என்றுதான்.

மாற்றினாய். பஸ்ஸுக்கு எழுத்து எழுதுகிறவனைக் கூட்டிவந்து சிவப்பு அடித்தாய், டாங்கின் இரண்டு பக்கமும் தாமரை வரையச் சொன்னாய். தாமரை பாகற்காய் வெட்டிப்போட்ட மாதிரி வந்திருக்கிறது, யாரும் உன்னிடம் சொல்லவில்லை. சீட்டுக்குப் புலித்தோல் மாதிரிப் புள்ளி போட்ட ரெக்சின். புலிக்குப் புள்ளி கிடையாது, வரிதான் என்று ஏழாம் வகுப்போடு நின்ற எனக்கே தெரியும். பிறகு, முன் சக்கரத்தின் மட்கார்டு கிழவன் போட்ட தலைப்பாகை மாதிரி இருக்கிறதென்று கழற்றி வீசினாய். நம் ஊரில் வைகாசி இடவப்பாதியிலும் மழை, ஐப்பசித் துலாத்திலும் மழை. மட்கார்டு இல்லாத சக்கரம் சேற்றை எங்கே எறியும்? உன் முகத்தில் எறிந்தது. வெள்ளை ஜிப்பா போட்டுக்கொண்டு போய், நெற்றி முதல் தொப்புள் வரை செம்மண் கோடு போட்டுக்கொண்டு வருவாய். அந்த ஜிப்பாக்களை அடித்துத் துவைத்தவள் நான். சைலன்ஸருக்குள் இருந்ததை எல்லாம் வெட்டி எடுத்துச் சத்தத்தைக் கூட்டினாய். நீ தக்கலையில் கிளம்பினால் இங்கே தொழுவத்தில் பசு காதை ஆட்டும். ஊர் உன்னைத் திரும்பிப் பார்ப்பதாக நினைத்தாய். ஊர் திரும்பிப் பார்த்தது உண்மை. வெறி பிடித்த நாயைக்கூடத்தான் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள்.

இன்னும் பித்தளை ஹாரன், ஒன்று போதாதென்று இரண்டாவது லைட், திருவனந்தபுரம் வரை கொண்டுபோய் நிக்கல் பூசிய ஹாண்டில்பார். இரண்டு லைட்டையும் போட்டால் இரண்டும் அகல் விளக்கு மாதிரி மங்கும் என்பதை நீ சொல்வதில்லை. இத்தனைக்கும் நடுவில் தக்கலை மெக்கானிக் ஒருநாள் வீட்டுக்கு வந்து, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு உன்னிடம் சொன்னார், "தம்பி, பிரேக்கு லைனிங் ரெண்டும் தேஞ்சு போச்சு. மொதல்ல அத மாத்தணும், பொறவு மத்ததெல்லாம்." நான் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? "அது உள்ளதானே அண்ணே இருக்கு, யாரு பாக்கப்போறா?" என்றாய். மெக்கானிக் மோரைக் குடித்துவிட்டுப் போனார். உன்னைப் பற்றி நான் அறிந்துகொள்ள வேண்டியதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. வெளியே தெரியாத எதற்கும் உன் வாழ்க்கையில் இடமில்லை.

அதோடு விட்டாயா? திருவனந்தபுரத்தில் யாரோ ஒருவர் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் பெட்டி மாட்டி, அதில் மனைவியை உட்காரவைத்துப் போவதைப் பார்த்துவிட்டு வந்தாய். அன்றிலிருந்து பைத்தியம் பிடித்தது. அப்படி ஒரு பெட்டி செய்ய இங்கே ஆள் இல்லை. மாட்டுவண்டி ஆசாரியிடம் போனால் கேலி செய்வார்கள் என்று, இனயம் கடற்கரையில் வள்ளம் கட்டுகிற ஆசாரியிடம் போய் நின்றாய். உலகத்தில் வேறெங்காவது ஒருவன் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கப்பெட்டி வேண்டும் என்று படகு கட்டுகிறவனைத் தேடிப் போவானா? அவரும் பாவம், தெரிந்ததைத்தானே செய்வார். ஆஞ்சிலிப் பலகையை மெல்லிசாக இழைத்து, முன்பக்கம் மூக்கு வைத்து, பலகைக்குப் பலகை கயிறு தைத்து, இடுக்கில் பஞ்சும் பிசினும் அடைத்து, நல்ல அழகான அரை வள்ளம் ஒன்றைக் கட்டிக் கொடுத்தார். அதை மாட்டுவண்டியில் ஏற்றி நம் வாசலில் இறக்கியபோது கூடவே வந்தவர், கயிற்றை அவிழ்த்துக்கொண்டே கேட்டார்:

"தம்பி, இது ரோட்டுல ஓடதுக்குத்தானா? கடலுக்கு எடுக்க மாட்டியளே?"

"என்னவே ஆசாரி, நக்கலா?"

"நக்கலில்ல தம்பி. கனமில்லாத சாமான். அடியில கனம் வைக்காம எறக்கினா கவுந்துபோவும். ஒரு நெல்லு மூட்டைய போட்டுக்கிடுங்க."

"நெல்லு மூட்டையா? நான் என்ன வண்டிக்காரனா?"

ஆசாரி சிரித்துவிட்டு வெற்றிலையைத் துப்பினார். "கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டி ஏறினார்.

அதற்கு ஒரு சக்கரம் வைத்து வண்டியின் இடப்பக்கம் மாட்டினாய். அந்த வள்ளத்தில் ஒரு விசேஷம் உண்டு. தண்ணீர் உள்ளே வராமல் கட்டப் பழகிய கை அவருடையது. ஆகவே மேலிருந்து விழுந்த மழை வெளியே போகவும் வழியில்லை. முதல் மழையில் விளிம்பு வரை நிறைந்து நின்றது. தவளை ஒன்று குடியேறியது. அடியில் ஒரு துளை போடலாமே என்று அப்பா சொன்னதற்கு, வார்னிஷ் கெட்டுப்போகும் என்றாய். பிறகு ஒவ்வொரு மழைக்கும் சிரட்டையை எடுத்துக்கொண்டு போய்க் கோரி ஊற்றினது யார் என்று நினைக்கிறாய்? நீ இல்லை. ஒருநாள் கோருவதற்கு முன்பே நீ அவசரமாகக் கிளம்பிப் போனாய். திரும்பி வந்து அப்பாவிடம், இன்றைக்கு வண்டி வளைவில் எல்லாம் சொன்னபடி கேட்டது என்று பெருமையாகச் சொன்னாய். தண்ணீரின் கனத்தில்தான் கேட்டது என்பது உனக்கு உறைக்கவே இல்லை. ஆசாரி சொன்ன மூட்டையின் வேலையை அன்று மழை செய்திருந்தது.

தண்ணீர் வற்றிய பின்பு வண்டி பழையபடி இடப்பக்கம் திரும்பும்போதெல்லாம் வள்ளத்தின் சக்கரத்தைத் தூக்கியது. கல்யாணத்துக்கு முன்னால் ஒருதடவை பாரத்தோடு ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று உனக்கே தோன்றியது. மூட்டை வைத்தால் மானம் போகும். சினேகிதன் உட்கார்ந்தால் பொம்பிளை மாதிரி இருக்கிறது என்று அவனுக்கு மானம் போகும். அப்போது நான் முற்றத்தில் நெல் கிண்டிக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்து இல்லை, அப்பாவைப் பார்த்துச் சொன்னாய், "சித்தி உக்காரட்டும்." அப்பாவுக்கு ஒரே மகிழ்ச்சி. மகன் சித்தியை வண்டியில் கூட்டிப்போகிறான், வீடு ஒன்றாகிவிட்டது என்று நினைத்தார். "போயிட்டு வா பிள்ளே, அவன் பிரியமாக் கூப்பிடுதாம்லா" என்றார். நீ பிரியமாகக் கூப்பிடவில்லை. ஒரு மூட்டையைக் கூப்பிட்டாய். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கையில் ஒட்டியிருந்த நெல்லை முந்தானையில் துடைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.

தக்கலை தாண்டும் வரை சரியாகத்தான் போனது. கடைத்தெருவில் ஆட்கள் எழுந்து பார்த்தார்கள். நீ ஹாரனை விடாமல் அடித்தாய். அதற்கப்புறம் இறக்கம். இறக்கம் முடிகிற இடத்தில் சாலை இடப்பக்கம் வளைகிறது, வலப்பக்கம் நடவுக்குத் தொளியடித்துச் சேறாகக் கிடந்த வயல். நீ பிரேக்கை மிதித்தாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து உன் காலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கால் அடிவரை போனது, வண்டி அதைக் கேட்கவே இல்லை. வளைவில் திருப்பினாய். வள்ளம் எழுந்தது. என் கீழே தரை இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. மூட்டைக்குரிய கனம்கூட என்னிடம் இல்லை. வண்டி திரும்பாமல் நேரே சாலையைத் தாண்டி வயலுக்குள் பாய்ந்து, தொளியில் புதைந்து நின்றது. நான் அதிலிருந்து எறியப்பட்டு, முகம் குப்புறச் சேற்றில் போய் விழுந்தேன். மூக்கிலும் வாயிலும் சேறு. ஒரு கணம் மூச்சு எடுக்க வழியில்லை. அந்த இடத்தில் சேற்றுக்குப் பதில் ஒரு மைல்கல் இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுத ஆள் இருந்திருக்காது.

நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நாற்றைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். முதலில் வந்தவள் என்னைத் தூக்கி உட்காரவைத்து, வாய்க்கால் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்தாள். நான் கண்ணைத் திறந்து பார்த்தபோது நீ எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஜிப்பாவின் நுனியால் ஹாரனைத் துடைத்துக்கொண்டிருந்தாய். அதில் ஒரு நெளிவு விழுந்திருந்தது. விரலால் தடவித் தடவிப் பார்த்தாய்.

"ஏலே மக்கா, பிள்ளைய தூக்காம பித்தளைய தொடைக்குதியே, வெளங்குவியா நீ?" என்றாள் ஒருத்தி.

"ஏட்டி, மோட்டாருல நடவுக்கு ஆளு வந்திருக்கு பாரு. கூலி கூடக் கேப்பாளோ?" என்றாள் இன்னொருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். என்னைத் தூக்கியவள் சிரிக்கவில்லை. உன்னைப் பார்த்துக் கேட்டாள், "இவ ஒனக்க தங்கச்சியா?"

நீ "இல்ல" என்றாய்.

"பின்ன யாரு?"

நீ ஹாரன் பக்கம் திரும்பிக்கொண்டாய். நான்தான் சொன்னேன். "அம்மை." சேறு இன்னும் வாயில் இருந்தது. அவள் என்னையும் உன்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் தலையைத் துவட்டினாள். அந்தப் பெண்கள்தான் வண்டியையும் தள்ளிக் கரையேற்றினார்கள். நீ ஹாண்டில்பாரில் சேறு படாமல் பிடித்துக்கொண்டு நின்றாய்.

வீட்டுக்கு வந்ததும் நீ அப்பாவிடம் சொன்னது எனக்குச் சேற்றைவிடக் கசந்தது. "சித்தி பயந்து துள்ளிட்டா. அதான் வண்டி சாஞ்சுது. நான் என்ன செய்ய?" அப்பா என்னைப் பார்த்து, "பயம் வந்தா பெலமாப் பிடிச்சுக்கிடணும் பிள்ளே, துள்ளலாமா?" என்றார். நான் அடுக்களைக்குப் போய்விட்டேன். ஆனால் அன்றைக்கே ஒன்று தெளிவாகத் தெரிந்தது. பகவதி இதே மாதிரி விழுவாள். விழுந்தபின் நீ ஹாரனைத் துடைப்பாய். பிறகு ஊருக்கெல்லாம், அவள் பயந்து துள்ளினாள் என்பாய். புதுப்பெண்ணும் என்னைப் போலத் தலையைக் குனிந்துகொண்டு நிற்பாள். அதற்குப் பிறகு அவள் செய்கிற எதற்கும் அவள்மேலேதான் குற்றம். குழம்பில் உப்புக் கூடினாலும், குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும் அவள்தான் துள்ளியிருப்பாள். தேய்ந்த எதையும் நீ மாற்றமாட்டாய். பக்கத்தில் இருப்பவளை மாறச் சொல்வாய்.

வீரம் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாயே, அது எவ்வளவு மலிவான சாமான் தெரியுமா? இறக்கத்தில் வேகமாகப் போக ஒரு தேங்காய்க்குக்கூடத் தெரியும். உருட்டிவிட்டால் போதும். உன் சினேகிதர்கள் கைதட்டுகிறார்கள், தட்டட்டும். அவர்கள் எல்லாரும் கரையில் நிற்பவர்கள். ஒருவனை அந்த வள்ளத்தில் ஏறச் சொல்லிப் பார். எல்லாருக்கும் அன்றைக்கு வயிற்றுவலி வரும். ஒரு ஆண்பிள்ளை தன் பக்கத்தில் ஒருத்தியை உட்காரவைப்பது என்றால், அவள் உயிரைத் தன் காலடியில் வைத்துக்கொள்கிறான் என்று அர்த்தம். அந்தக் காலடியில் என்ன இருக்கிறது என்று அவன் பார்க்க வேண்டாமா? நீ பார்க்கவில்லை. யாரும் பார்க்காத இடம் அல்லவா அது.

மூன்று நாளைக்கு முன் அப்பாவிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். நான் துள்ளவில்லை, பிரேக் பிடிக்கவில்லை என்றேன். அவர் முழங்காலைத் தடவிக்கொண்டார். "படிச்ச பய. தெரியாமலா ஓட்டுவான்?" என்றார். உன்னைக் குறைசொல்ல அவருக்கு மனம் வராது. தாயில்லாத பிள்ளை என்று சொல்லிச் சொல்லியே உன்னை இப்படி ஆக்கிவிட்டார். இனி அந்தச் சாக்கும் கிடையாது. தாய் இருக்கிறாள், எழுதிக்கொண்டிருக்கிறாள்.

ஆகவே நேற்று நான் கருங்கல் போனேன். கல்யாணச் சட்டைக்கு அளவு எடுக்க மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெண்கள் போவது வழக்கம்தானே. உன் அத்தையும் கூட வந்தார். பஸ்ஸில் ஏறியதிலிருந்து உன் புகழ்தான். பகவதி வீட்டில் போய் உட்கார்ந்ததும் அதையே தொடர்ந்தார். "எங்க பய மோட்டாருல வந்து எறங்குவான் பாருங்கோ, கருங்கல் சந்தையே கடைய மூடிட்டு வந்து நிக்கும்." கருப்பட்டிக் கடை வைத்திருக்கும் உன் மாமனார் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அவருக்கும் பெருமைதான்.

அளவெடுக்க என்று பகவதியை உள்ளறைக்குக் கூட்டிப்போனேன். அவள் தோளில் நூலை வைத்துக்கொண்டு, எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நின்றேன். அளந்த தோளையே நான் மறுபடி மறுபடி அளப்பதை அவள் பார்த்துவிட்டாள்.

"என்ன அத்தே? ஒடம்புக்கு வய்யாதா?"

என்னை அத்தை என்று கூப்பிட்ட முதல் ஆள் அவள். என் வயதுக்காரி கூப்பிட்டது எனக்குச் சிரிப்பாக வந்தது, அவளுக்கும் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பில்தான் வாய் திறந்தது. வளைவு, வயல், சேறு, ஹாரன் எல்லாவற்றையும் சொன்னேன். நீ அப்பாவிடம் சொன்ன பொய்யையும் விடவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு நேரம் நான் ஒருவரிடம் தொடர்ந்து பேசியதில்லை. அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. நூலை என் கையிலிருந்து வாங்கித் தன் கையளவைத் தானே எடுத்துக்கொண்டு கேட்டாள்:

"அவியளுக்கு வண்டிய ஓட்டத் தெரியும்னு ஒரு மாசமா எல்லாரும் சொல்லுதாங்க. நிறுத்தத் தெரியும்னு இதுவரை ஒருத்தரும் சொல்லலியே, ஏன் அத்தே?"

"தெரியாது, அதான் சொல்லல."

"அப்பம் நான் ஏறப்பிடாதுன்னு சொல்லுதியளா?"

"ஆமா."

"எல்லாருக்கும் முன்ன வச்சு மாட்டேன்னு சொன்னா எங்கப்பாக்குத் தலை தூக்க முடியாது. ஒங்க வீட்டு ஆளுவளுக்கும் கோவம் வரும்." அவள் ஜன்னல் பக்கம் போனாள். நானும் போனேன். அவர்கள் வீட்டின் முன்னால் சாலை எப்படி இருக்கிறது என்று நீ பார்த்திருப்பாய். சந்தையிலிருந்து நேர் இறக்கம். இறக்கம் முடியுமுன் இவர்கள் வாசல். வாசலில் நில்லாதது எதுவும் கடல் பக்கம் போகும் வளைவில்தான் போய் நிற்கும். பந்தலுக்குக் கால் நடக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சந்தையில் மீன் விலை பேசுகிற மாதிரிச் சொன்னாள்:

"வாசல்ல நெறகுடம் வைப்பாங்க. அதுக்கு நேரா வந்து வண்டி நிக்கட்டும். நின்னுதுன்னா, தாலி கட்டினப்பொறவு நான் வாயத் தெறக்காம ஏறி உக்காருதேன். தாண்டிப் போச்சுன்னா ஏறமாட்டேன். பொறவு யாரும் எனக்கிட்ட காரணம் கேக்கவேண்டாம், ஊரே பாத்திருக்கும்லா. நாங்க பஸ்ஸுல வந்துக்கிடுதோம்."

"தாண்டிப் போயி எங்கயாவது இடிச்சா?" என்றேன்.

"அதுக்குத்தான் முன்கூட்டியே சொல்லுதேன் அத்தே. நீங்க போயி சொல்லிருங்கோ. இன்னும் நாலஞ்சு நாளு கெடக்குல்லா. தெரியாம வரவேண்டாம்."

உன் அத்தை வெளியிலிருந்து, "என்னட்டி, ரெண்டு பேரும் சட்டைக்கு அளவெடுக்கியளா, வயலுக்கு அளவெடுக்கியளா?" என்று சத்தம் போட்டார். நாங்கள் வெளியே வந்தோம்.

அவள் சொல்லச் சொன்னதைச் சொல்லிவிட்டேன். என்னைக் கேட்டால் நான் இந்த அளவுக்குக்கூட உனக்கு இடம் கொடுத்திருக்கமாட்டேன். அந்த வள்ளத்தை அடுப்புக்குப் பிளந்திருப்பேன். அவள் என்னைவிட நல்லவள். உனக்கு அவள் அதிகம், அதையும் சொல்லிவைக்கிறேன். தக்கலை மெக்கானிக் கடை இருக்கிற இடம் உனக்குத் தெரியும். போய், யாரும் பார்க்காததை மாற்றித்தரச் சொல். வள்ளத்தின் அடியில் கனம் வை. நெல் மூட்டை வெட்கமாக இருந்தால் மேலே பட்டு விரித்துக்கொள், உனக்குத்தான் போர்த்துவது நன்றாக வருமே. செய்யமாட்டாய் என்றால் கல்யாணத்தன்று நடந்து வா. மாப்பிள்ளை நடந்து வந்ததால் நின்றுபோன கல்யாணம் எங்கும் கிடையாது.

இது எதுவும் வேண்டாம், நீ நினைத்தபடிதான் வருவாய் என்றால், அதுவும் உன் இஷ்டம். மாப்பிள்ளையின் தாய் வாசலில் சீர்த்தட்டோடு நிற்க வேண்டும் என்பார்கள். தட்டை உன் அத்தையின் கையில் கொடுத்துவிட்டேன், அவருக்கு அதில் ஆசை. நான் உள்ளறை ஜன்னலில் பகவதிக்குப் பக்கத்தில் நிற்பேன். சந்தை மேட்டில் உன் சத்தம் கேட்டதும் நாங்கள் இருவரும் உன் முகத்தைப் பார்க்கப்போவதில்லை, தாமரையையும் பார்க்கப்போவதில்லை. சக்கரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம்.